சத்தம் போட ஒரு ஆள்

வணக்கம் ஐயா. ராமநாதபுரத்தில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் எட்டு வருடமாக வேலை பார்க்கிறேன். இப்போது சென்னையில் வேலை கிடைத்திருக்கிறது. பயமாக இருக்கிறது. "பழகிய வட்டத்தை விட்டுக் குதித்தால்தான் உள்ளே இருக்கும் வலிமை தெரியும்" என்று ஒரு பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். பாம்பனில் கடலில் முங்கிப் பாசி எடுக்கும் பெண்களைப் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது. நான் போகலாமா?

ச., ராமநாதபுரம்

அன்புள்ள ச.,

போகலாமா என்பதை உங்கள் வீட்டு நிலவரமும் சம்பளமும் சொல்லும். நான் யார் சொல்ல? பயிற்சி வகுப்புக்குக் கட்டிய காசை மறந்துவிடுங்கள். ஆனால் அந்தப் பாசிப் பெண்களை மேடைக்கு மேடை இழுத்து உதாரணம் காட்டுகிறார்களே, அதைக் கேட்டுக் கேட்டு எனக்கு எரிச்சல் மண்டிக் கிடக்கிறது.

என் சின்னம்மா பாம்பன் பக்கம் சின்னப்பாலத்தில் வாழ்ந்தவள். சித்தப்பா போன பிறகு பாசிக்குப் போனாள். எந்தச் சொகுசை விட்டுக் குதித்தாள்? அடுப்பு எரியவேண்டும், அவ்வளவுதான். "உள்வலிமையைக் கண்டுகொண்டீர்களா அம்மா?" என்று யாராவது கேட்டிருந்தால் பாசிச் சாக்காலேயே விளாசியிருப்பாள்.

அவளை யாரும் முதல் நாளே கடலில் தள்ளிவிடவில்லை. வள்ளத்தில் உட்காரவைத்து, மரிக்கொழுந்துப் பாசி எது, கஞ்சிப்பாசி எது என்று பிரிக்கவிட்டார்கள். அப்புறம் இடுப்பளவுத் தண்ணீர். அதற்கும் அப்புறம்தான் முங்கல். சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி, பாறை கிழித்துவிடாமல் விரலுக்கு விரல் பழந்துணிச் சுற்று. சாயங்காலம் அதை அவிழ்க்கும்போது விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கி, நகக்கண்ணில் மட்டும் சிவப்பாக இருக்கும். முங்கினவள் மேலே வரக் கொஞ்சம் தாமதமானால் பக்கத்தில் இருப்பவள் சத்தம் போடுவாள். தனியாக ஒருத்தியும் இறங்கமாட்டாள். கச்சான் காற்று ஓங்கி அடித்துத் தென்கடல் புரண்டால், வள்ளத்தைத் தள்ளாமலே வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். அதைக் கோழைத்தனம் என்று சொல்லிப் பாருங்களேன்!

1986இல் மன்னார் வளைகுடாத் தீவுகள் 21ம் கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வந்தன. அந்தப் பக்கம் பாசி எடுப்பதே வம்பாகிப்போனது. அதிகாரிகளிடம் பேசப் போனபோதும் சங்கமாகத்தான் போனார்கள். மாதத்தில் 12 நாள்தான் இறங்குவது, சுரண்டும் கருவியைத் தொடாமல் கையால் மட்டும் பறிப்பது என்று தங்களுக்குள் கட்டுப்பாடும் வைத்துக்கொண்டார்கள். 2015இல் சின்னப்பாலத்து லட்சுமி அம்மாவுக்கு, தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்குத் தரும் ஸீகாலஜி விருது கிடைத்ததே, இந்தப் பெண்களை ஒன்றாக நிறுத்தி வழிநடத்தியதற்காகத்தான். உங்கள் பயிற்சியாளர் இதையெல்லாம் சொல்லியிருக்கமாட்டார். கூட்டத்தைக் காட்டினால் அவர் வியாபாரம் படுத்துவிடும்.

வெட்கப்படுகிறாராம்! கிறுக்குத்தனமாக எழுதாதீர்கள், தாயே. சின்னம்மாவுக்குக் கடைசிவரை கடல் பயம் போகவில்லை. பயத்தோடேதான் இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தாள். எட்டு வருடம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து வீட்டைத் தாங்கியிருக்கிறீர்கள். அதற்கு எவ்வளவு தெம்பு வேண்டும் என்று எனக்குத் தெரியாதா?

இவ்வளவு எழுதினீர்களே, சென்னையில் எங்கே தங்கப்போகிறீர்கள், ராத்திரி காய்ச்சல் வந்தால் யாரைக் கூப்பிடுவீர்கள் என்று ஒரு வரி உண்டா? முதலில் அதை விசாரித்து எழுதுங்கள். தாம்பரம் பக்கம் எனக்குத் தெரிந்த நம் ஊர்க் குடும்பங்கள் இரண்டு இருக்கின்றன. வேண்டுமென்றால் பேசிவைக்கிறேன்.