பால் மாட்டுக்குப் புரதம்: கேட்டதும் சொன்னதும்

கேள்வி: ஐயா, கோழித் தீவனத்தில் போடும் மெத்தியோனின் (புரதத்தின் கட்டுமானப் பொருளான அமினோ அமிலங்களில் ஒன்று) பொடியைத் தவிட்டில் கலந்து கொடுத்தால் பால் கூடுமா?

பதில்: கூடாது தம்பி. மாட்டின் முதல் வயிறான பெருவயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் அந்தப் பொடியில் பெரும்பகுதியைச் சிதைத்து அம்மோனியா ஆக்கிவிடும். அந்த நுண்ணுயிர்களே பிறகு சிறுகுடலில் செரித்து மாட்டுக்குப் புரதமாகின்றன. அதனால் முதலில் அவற்றுக்குத் தீனி போடுங்கள். என் தலையீற்றுக் கலப்பின ஜெர்சிக்கு எஸ்.என்.எஃப். (பாலில் கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) 7.9 சதவீதத்தைத் தாண்டவில்லை. கடலைப் பிண்ணாக்கை ஏற்றிப் பார்த்தேன், அசையவில்லை. அதைப் பாதியாக்கி, மக்காச்சோளக் குருணை சேர்த்தேன். பத்து நாளில் 8.3. பிண்ணாக்குப் புரதத்தைப் பிடித்துக்கொள்ள நுண்ணுயிருக்கு மாவுச்சத்து இல்லாததுதான் குறை. பூஞ்சை பிடித்த பிண்ணாக்கு மட்டும் வேண்டாம். அந்த நஞ்சு பாலில் இறங்கும், காய்ச்சினாலும் போகாது.

கேள்வி: நான் அந்தப் பொடியைப் போட்டேன் சார், அதே வாரம் கோ-4 தீவனப் புல்லும் அறுத்துப் போட்டேன். அரை லிட்டர் கூடியதே!

பதில்: அதே வாரம் கோ-4 புல் அறுத்துப் போட்டதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பொடியை நிறுத்தி, புல்லைத் தொடருங்கள். பால் இறங்கினால் நான் ஒப்புக்கொள்கிறேன்.

கேள்வி: பொடி போட்டவர் சொல்வது சரிதான் சார். பூச்சு பூசிய மெத்தியோனின் கடையில் விற்கிறதே?

பதில்: அது வேறு சரக்கு. பூச்சு இருப்பதால் பெருவயிற்றைத் தாண்டிப் போகும். சிறுகுடலுக்கு லைசின் என்னும் இன்னொரு அமினோ அமிலமும் மெத்தியோனினும் ஏறக்குறைய 3:1 அளவில் வரவேண்டும். சோயாவில் லைசின் உண்டு, மெத்தியோனின் குறைவு. மக்காச்சோளத்தில் லைசின் குறைவு. நாளுக்கு 25 லிட்டர் கறக்கும் மாட்டில் இந்தக் கணக்குக்கு அர்த்தம் உண்டு. எட்டு லிட்டர் மாட்டுக்கு அந்தக் காசில் வேலிமசால் தீவனப் பயிர் விதை வாங்குங்கள்.

கேள்வி: பால் கூட எந்தப் பவுடர் நல்லது?

பதில்: இன்று மூன்றாவது முறை. மேலே படியுங்கள்.

கேள்வி: கறுத்த கடலைப் பிண்ணாக்கு மலிவாகக் கிடைக்கிறது, வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அந்தப் பாலைக் குழந்தைகள் குடிக்கிறார்கள் அம்மா.

கேள்வி: கன்று போட்டு இரண்டு நாள். மாடு எழவில்லை, காது சில்லிட்டிருக்கிறது. என்ன தீவனம் கொடுக்க?

பதில்: எதுவும் கொடுக்காதீர்கள். பால் காய்ச்சலாக இருக்கும், கால்சியத்தை இரத்தக் குழாயில் ஏற்ற வேண்டும். வாயில் எதையும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும். பக்கவாட்டில் சாய்ந்துவிடாமல் வைக்கோல் மூட்டை அண்டக் கொடுத்துவிட்டு, இப்போதே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.