ஃபிளெக்ஸில் யாரை நிறுத்துவது? ஃபேன்டஸி ஃபுட்பால் கேள்வி-பதில்

ஆகஸ்ட் பிறந்தால் வரும் கேள்விகளில் பாதி ஃபிளெக்ஸைச் சுற்றித்தான். ரன்னிங் பேக் (பந்தோடு ஓடுபவர்), வைட் ரிசீவர் (பாஸ் பிடிப்பவர்), டைட் எண்ட் (தடுக்கவும் பாஸ் பிடிக்கவும் செய்பவர்) மூவரில் யாரை வேண்டுமானாலும் நிறுத்திக்கொள் என்று லீக் விட்டுவைத்திருக்கும் அந்த ஓர் இடம்தான் ஆளைப் போட்டுக் குழப்புகிறது. பேச்சு முழுக்க அமெரிக்க ஃபுட்பால்; ஃபேன்டஸி என்றால் அதன் நிஜ வீரர்களை டிராஃப்டில் ரவுண்டு ரவுண்டாக எடுத்து அணி கட்டி, வாராவாரம் அவர்கள் ஆட்டத்துக்குப் பாயிண்ட் வாங்குவது. மெஸ்ஸியைத் தேடி வந்தவர்கள் மன்னிக்கவும்.

ஆபீஸ் லீக்கில் முதல் வருஷம். 12 பேர். ஃபிளெக்ஸுக்கு எத்தனையாவது ரவுண்டில் ஆள் எடுக்கணும்?
*— எடிசன், நியூ ஜெர்சி*

அப்படி ஒரு ரவுண்டே கிடையாது. ஃபிளெக்ஸுக்கென்று ஆள் தேடினால், நல்ல ரிசீவர் கண்ணெதிரே இருக்கும்போதே 'இடம் காலியா இருக்கே' என்று சுமாரான ரன்னிங் பேக்கை எடுத்து வைப்பீர்கள்.

கணக்கை இப்படிப் போடுங்கள். இரண்டு ரன்னிங் பேக், இரண்டு ரிசீவர், ஒரு ஃபிளெக்ஸ் என்றால் அணிக்கு ஐந்து பேர், லீக் முழுக்க 60 பேர். என்எஃப்எல்லில், அதாவது நிஜ லீக்கில், இருப்பது 32 அணிகள். பல அணிகளில் ஓட்டத்தை இரண்டு பேர் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். கட்டாய இடங்களுக்கே 24 ரன்னிங் பேக் போய்விட்டால் மிச்சம் இருப்பவர்களில் முழு வேலை பார்ப்பவர் சொற்பம். ரிசீவர் கதை வேறு. ஓர் அணி ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பேரைக் களத்தில் விடுகிறது. அதனால் 30-ஆவது ரிசீவர்கூட வாராவாரம் பந்தைப் பார்ப்பார். 30-ஆவது ரன்னிங் பேக் பற்றி அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது.

அடுத்து உங்கள் லீக்கின் பாயிண்ட் விதி. டிராஃப்டுக்கு முன்னால் இதைப் பார்க்காதவர்கள்தான் அதிகம். ஐந்து கேட்ச், 50 யார்டு எடுத்த ரிசீவருக்குச் சாதா லீக்கில், பத்து யார்டுக்கு ஒன்று என்ற கணக்கில், 5 பாயிண்ட். பிபிஆர் லீக்கில், அதாவது ஒவ்வொரு கேட்சுக்கும் ஒரு பாயிண்ட் தரும் லீக்கில், அதே ஆட்டத்துக்கு 10. ஓடியே 55 யார்டு, கூடவே ஒரு கேட்சில் 5 யார்டு எடுத்த ரன்னிங் பேக்குக்குச் சாதாவில் 6, பிபிஆரில் 7. சாதா லீக்கில் அவர் முந்துகிறார், பிபிஆரில் பின்தங்குகிறார். அரை பிபிஆரில் 7.5-க்கு 6.5; அங்கே ஒரே ஒரு டச்டவுன் (பந்தை எல்லைக்கோட்டுக்கு அப்பால் கொண்டுசேர்ப்பது) எல்லாவற்றையும் புரட்டிவிடும்.

ரன்னிங் பேக்கிலேயே கேட்ச் பிடிப்பவர் கிடைத்தால் யோசிக்க வேண்டாம். ஆல்வின் கமாரா முதல் மூன்று சீசனிலும் சொல்லிவைத்த மாதிரி 81, 81, 81 கேட்ச். டெரிக் ஹென்றி 2024-இல் 1,921 யார்டு ஓடினார், கேட்ச் வெறும் 19. ஹென்றி பெரிய ஆள், எந்த லீக்கிலும் ஆடுவார். ஆனால் அவர் பாணியில் ஆடும் சின்ன ஆளை பிபிஆரில் ஃபிளெக்ஸில் வைத்தால் டச்டவுன் விழாத வாரம் நாலைந்து பாயிண்டோடு முடிந்துவிடும்.

முதல் மூன்று ரவுண்டிலும் ரன்னிங் பேக் எடுத்து, மூன்றாமவரை ஃபிளெக்ஸில் போட்டால் என்ன?
*— பிளேனோ, டெக்சாஸ்*

மூவரும் டிசம்பர் வரை நின்றால் லீக்கே உங்களுடையது. ஆனால் மூவரும் நிற்பது அபூர்வம். கிறிஸ்டியன் மெக்காஃப்ரி 2023-இல் 21 டச்டவுன் அடித்தார். மறு ஆண்டு டிராஃப்டில் எல்லோரும் முதலில் கை வைத்தது அவர்மேல். ஆடியதோ நான்கே ஆட்டம்.

இதற்கு நேர் எதிரான கட்சியும் உண்டு. 2013-இல் ஃபேன்டஸி எழுத்தாளர் ஷான் சீகலே எழுதியதிலிருந்து 'ஜீரோ ஆர்பி' என்று பெயர்: முதல் ரவுண்டுகளில் ரன்னிங் பேக் பக்கமே போகாமல் ரிசீவர்களைக் குவிப்பது. ரன்னிங் பேக்குகள் காயத்தில் விழ விழ, அவர்கள் இடத்துக்கு வரும் மாற்று ஆட்களைப் பொறுக்கிக்கொள்ளலாம் என்பது கணக்கு. 2023-இல் பல லீக்குகளில் வேவரில் (யாரும் எடுக்காதவர்களின் பட்டியலில்) சும்மா கிடந்த கைரன் வில்லியம்ஸ் 12 ஆட்டத்தில் 1,144 யார்டு ஓடினார்.

என் கட்சி நடுவில். முதல் இரண்டு ரவுண்டுக்குள் ஒரே ஒரு உறுதியான ரன்னிங் பேக், பிறகு ரிசீவர்கள், எட்டாவது ரவுண்டுக்குப் பின் மாற்று ரன்னிங் பேக்குகளாக அள்ளிப் போடுவது. அவர்களில் ஒருவர் தேறினாலே ஃபிளெக்ஸ் நிரம்பிவிடும்.

பவர்ஸ், மெக்பிரைட் இரண்டு டைட் எண்டும் மலிவாக வந்தால் எடுக்கலாமா?
*— சார்லட், வட கரோலினா*

முழு பிபிஆர் என்றால் மட்டும். பிராக் பவர்ஸ் 2024-இல் 112 கேட்ச், 1,194 யார்டு; டிரே மெக்பிரைட் 111 கேட்ச், 1,146 யார்டு. முன்னணி ரிசீவருக்கு நிகரான எண்ணிக்கை. ஆனால் மெக்பிரைட் பிடித்த டச்டவுன் பாஸ் இரண்டே இரண்டு. கேட்சுக்குப் பாயிண்ட் இல்லாத லீக்கில் இவரை ஃபிளெக்ஸில் வைத்தால் கையில் காசு நிற்காது. 'ஒருவரைப் பின்னால் டிரேடு பண்ணிக்கலாம்' என்ற நினைப்பில் எடுக்காதீர்கள். உங்களிடம் இரண்டு இருப்பது எல்லோருக்கும் தெரியும், அடிமாட்டு விலைக்குத்தான் கேட்பார்கள்.

எங்கள் லீக் சூப்பர்ஃபிளெக்ஸ். அந்த இடத்தில் ரிசீவர் வைத்து ஜெயிக்க முடியாதா?
*— ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா*

முடியும், வாராவாரம் அல்ல. சூப்பர்ஃபிளெக்ஸ் இடத்தில் குவாட்டர்பேக்கையும் (பாஸ் எறிபவர்) நிறுத்தலாம். 225 யார்டு, ஒரு டச்டவுன் பாஸ், 20 யார்டு ஓட்டம். குவாட்டர்பேக்குக்கு இது பேர் சொல்லும் ஆட்டமே இல்லை. ஆனாலும் 15 பாயிண்ட். மேலே சொன்ன ரிசீவர் முழு பிபிஆரிலேயே 10-தான். 12 பேரும் இரண்டு குவாட்டர்பேக்கை நிறுத்தினால் 32-இல் 24 காலி. ஆறு அணிகள் வரை ஓய்வெடுக்கும் பை வாரங்களில் மிச்சம் இருப்பவர்களைப் பார்த்தால் அழுகை வரும். முதல் மூன்று ரவுண்டுக்குள் இருவரை எடுத்துவிடுங்கள், பின்னால் மூன்றாவதாக ஒருவர்.

கிக்கரை எப்போது எடுக்க?
*— பெயர், ஊர் இல்லை*

கடைசி ரவுண்டில்.

சென்னையில் இருந்துகொண்டு அமெரிக்க டீம்காரர்களோடு ஆடுகிறேன். தூங்கி எழுவதற்குள் ஆட்டம் தொடங்கி லைனப் (அந்த வாரம் நிறுத்தும் ஆட்கள்) லாக் ஆகிவிடுகிறது. என்ன செய்ய?
*— சோழிங்கநல்லூர்*

உங்கள் கேள்விதான் இந்த முறை எனக்குப் பிடித்தது. ஃபிளெக்ஸின் முழுப் பயனும் இங்கேதான் இருக்கிறது.

வியாழன் ஆட்டம் உங்களுக்கு வெள்ளி காலை 5:45-க்கு. ஞாயிறு முதல் கட்ட ஆட்டங்கள் இரவு 10:30-க்கு. யார் ஆடவில்லை என்ற பட்டியல் 90 நிமிடம் முன்னதாக, ஒன்பது மணிக்கே வந்துவிடும். நவம்பர் முதல் ஞாயிறு முதல் எல்லாவற்றுக்கும் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள்.

வியாழன் ஆடும் ரிசீவரை ஃபிளெக்ஸில் வைத்ததாக வைத்துக்கொள்வோம். ஞாயிறு ஒன்பது மணிக்கு உங்கள் இன்னொரு ரிசீவர் ஆடவில்லை என்று தெரிகிறது. பெஞ்சில் இருப்பது ரன்னிங் பேக் மட்டும். ரிசீவர் இடத்தில் அவரைப் போட முடியாது. ஃபிளெக்ஸ் ஏற்கெனவே பூட்டியாயிற்று. அதே வியாழன் ஆளை ரிசீவர் இடத்தில் வைத்து, ஞாயிறு ஆளை ஃபிளெக்ஸில் வைத்திருந்தால் பெஞ்ச் ரன்னிங் பேக் சட்டென்று உள்ளே வந்திருப்பார். முதலில் ஆடுபவர் அவரவர் இடத்தில், கடைசியில் ஆடுபவர் ஃபிளெக்ஸில். இது இலவசம், ஆனாலும் பாதிப் பேர் செய்வதில்லை.

2024 முதல் வாரம் நினைவிருக்கிறதா? திங்கள் இரவு ஆட்டத்துக்குச் சற்று முன்தான் மெக்காஃப்ரி இல்லை என்று உறுதியானது. அவரை ரன்னிங் பேக் இடத்தில் வைத்திருந்தவர்களுக்கு, அன்றிரவு ஆடிய இரண்டு அணிகளில் இன்னொரு ரன்னிங் பேக் கையில் இருந்தால்தான் தப்பிக்க வழி. ஃபிளெக்ஸில் வைத்திருந்தவர்கள் ரிசீவரோ டைட் எண்டோ யாரையாவது உள்ளே விட்டிருக்கலாம். அவருக்குப் பதில் ஓடிய ஜோர்டன் மேசன் 147 யார்டு எடுத்தது தனி எரிச்சல். உங்களுக்கு அது செவ்வாய் விடியற்காலை. சந்தேகத்தில் இருக்கும் ஆள் திங்கள் ஆடினால் அலாரம் வைத்தே ஆக வேண்டும்.

இரண்டு பொசிஷன் தகுதி உள்ளவருக்குக் கூடுதல் விலை கொடுக்கலாமா?
*— டிராய், மிச்சிகன்*

ஒரு ரவுண்டு முன்னால் எடுக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். 2020 நவம்பரில் டேசம் ஹில் குவாட்டர்பேக்காகவே ஆடி அட்லாண்டாவை வென்றபோது, இஎஸ்பிஎன் லீக்குகளில் அவரை டைட் எண்ட் இடத்தில் நிறுத்த முடிந்தது. எத்தனை லீக்கில் சண்டை வந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்! தகுதியைத் தீர்மானிப்பது உங்கள் தளம், களத்தில் அவர் செய்யும் வேலை அல்ல. ரிசீவர் டீபோ சாமுவேல் 2021-இல் ஓடியே எட்டு டச்டவுன் எடுத்தார், அதற்காக எல்லாத் தளமும் அவரை ரன்னிங் பேக் ஆக்கிவிடவில்லை.

ஒருவருக்கு 11.2 என்று கணிப்பு, இன்னொருவருக்கு 10.8. வாராவாரம் இந்தத் தலைவலிதான்.
*— நேப்பர்வில், இல்லினாய்*

அந்த 0.4-ஐ மறந்துவிடுங்கள், அதற்கு அர்த்தமே இல்லை. கடந்த மூன்று நான்கு ஆட்டத்தில் யார் பக்கம் அதிகப் பந்து வந்தது என்று பாருங்கள். பிறகு எதிராளியின் அணியைப் பாருங்கள். நீங்கள் பலமாக இருந்தால் எட்டு பாயிண்டாவது உறுதியாகத் தருபவர் போதும். எதிராளி பலமாக இருந்தால் நீளப் பாஸ் பிடிப்பவரை இறக்குங்கள். இரண்டு பாயிண்டில் படுப்பார் அல்லது இருபது எடுப்பார், உங்களுக்குத் தேவை அந்த இருபதுதான். இரண்டிலும் சமம் என்றால் ஆட்டம் யாருக்குப் பின்னால் தொடங்குகிறதோ அவர்.