நிப்பிசிங் ஏரியில் பிக்கரல்: இரை தேடும் மீனைக் கண்டுபிடிப்பது எப்படி?

வடக்கு ஒன்ராறியோவின் நிப்பிசிங் ஏரியில் வால்ஐ மீனை, அதாவது உள்ளூரார் சொல்லும் பிக்கரலை, தூண்டிலில் பிடிப்பது குறித்து உறுப்பினர்கள் கேட்டவற்றுக்கான பதில்கள்.

கேள்வி: அண்ணா, ரொறன்ரோவிலிருந்து முதன்முறையாக வருகிறோம். ஏரி கடல்போல் கிடக்கிறதே, எங்கே தொடங்குவது?

பதில்: ஏறத்தாழ 870 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள ஏரி என்றாலும், அதன் சராசரி ஆழம் 4.5 மீற்றர் அளவுதான். ஆகவே ஆழமான குழிகளைத் தேடி அலைவதை விட்டுவிட்டு, காற்று எந்தக் கரையில் மோதுகிறது என்பதை முதலில் பாருங்கள். காலையிலிருந்தே மேற்குக் காற்று வீசுகிறது என்றால், மானிற்று தீவுகளின் மேற்குப் பக்கத்துப் பாறை முனைகளில் அலை அடித்து நீர் சற்றுக் கலங்கியிருக்கும். அங்கே பேர்ச் போன்ற சிறுமீன்கள் தடுமாறும், அவற்றைத் தின்னப் பிக்கரலும் ஆழம் குறைந்த இடத்துக்கு ஏறி வரும். நல்ல முனை ஒன்றில் இருபது நிமிடம் போட்டும் ஒன்றும் தட்டவில்லையானால் அடுத்த முனைக்குப் போய்விடுங்கள். பசியில்லாத மீனைக் கெஞ்சிக்கொண்டிருப்பதைவிட, பசியோடு திரியும் மீனைத் தேடிப்போவது எப்போதும் இலாபம்.

கேள்வி: எங்களுடையது பன்னிரண்டு அடி அலுமினியப் படகு. அலையடிக்கும் பக்கம் போகலாமா?

பதில்: திறந்த நீருக்குப் போகாதீர்கள். ஆழமில்லாத அகன்ற ஏரி என்பதால் காற்று சற்று வலுத்தாலே செங்குத்தான குட்டை அலைகள் விரைவில் எழும்பிவிடும். தீவுகளும் பாறைகளும் நெருங்கிக் கிடக்கும் வெஸ்ட் ஆர்ம் என்ற ஏரியின் மேற்குக் கிளைப் பகுதி சிறு படகுக்கு ஏற்றது. அங்கேயும் உயிர்காப்பு அங்கியைக் கழற்ற வேண்டாம்.

கேள்வி: பகல் முழுக்க வெறுங்கை, பொழுது சாயும் நேரத்தில் மட்டும் அடுத்தடுத்துப் படுகிறது. இது தற்செயலா, ஐயா?

பதில்: தற்செயல் அல்ல. பிக்கரலின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பியனுப்பும் படலம் ஒன்று இருக்கிறது. இரவில் விளக்கொளி பட்டால் பூனைக்கண்போல அதன் கண் மின்னுவது அதனால்தான். மங்கிய வெளிச்சத்தில் அதற்கு இரையாகும் பேர்ச் மீனுக்குக் கண் சரியாகத் தெரியாது, பிக்கரலுக்கோ நன்றாகத் தெரியும். விடியலும் அந்தியும் மட்டுமல்ல, மேகம் மூடிய நண்பகலும் காற்று நீரைக் குலைத்த நேரமும் அதற்கு வேட்டைப்பொழுதே. வானம் துடைத்துவிட்டதுபோல் நீலமாக, நீர் கண்ணாடியாகக் கிடக்கும் பகலில் கரைக்குச் சென்று சாப்பிட்டுவிட்டு ஓய்வெடுங்கள் என்பதே என் ஆலோசனை.

கேள்வி: நீரடியில் மீனைக் காட்டும் சோனார் கருவியின் திரையில் மீன் நிறையத் தெரிகிறது, ஆனால் இரையைத் தொடுவதேயில்லை. ஏன்?

பதில்: எங்கே தெரிகிறது என்பதே முக்கியம். அடித்தளத்தோடு ஒட்டிக் கிடக்கும் மீன் பெரும்பாலும் ஓய்வில் இருப்பது. தளத்திலிருந்து அரை மீற்றர், ஒரு மீற்றர் உயர்ந்து நிற்பது இரை தேடுவது. குளிர்காற்று புகுந்த மறுநாள் முதல்வகை மீனையே அதிகம் காண்பீர்கள். வேறு வழியில்லை என்றால் எட்டில் ஒரு அவுன்ஸ் ஜிக்கில், அதாவது ஈயத்தலை வைத்த தூண்டில் முள்ளில், அட்டைப்பூச்சி (லீச்) ஒன்றைக் கோத்து, ஏறத்தாழ அசைக்காமலே அதன் முகத்தெதிரே நிறுத்தி வையுங்கள்.

கேள்வி: ஜிக்கை எப்படி ஆட்டுவது? மீன் கடிப்பதே எனக்குத் தெரிவதில்லை.

பதில்: பெரும்பாலோர் தவறவிடுவது இங்கேதான். மூன்று, நான்கு மீற்றர் ஆழத்துக்கு எட்டில் ஒரு அவுன்ஸ் போதும். காற்று படகைத் தள்ளினால் கால் அவுன்ஸுக்கு மாறுங்கள். ஜிக் தரையைத் தொட்டதும் தங்கூசி (தூண்டில் நூல்) தொய்யும். தடியின் நுனியை ஒரு சாண் உயர்த்தி, பிறகு தங்கூசியைத் தொய்யவிடாமல் ஜிக் இறங்கும் வேகத்திலேயே நுனியையும் இறக்குங்கள். பிக்கரல் துரத்திக் கவ்வுவதைவிட, இறங்கும் இரையை நீரோடு சேர்த்து உறிஞ்சிக்கொள்வதே அதிகம். அது இறங்கும்போதுதான் நிகழும். கையில் "டொக்" என்று ஒரேயொரு தட்டுத் தெரியலாம், அல்லது அடுத்த முறை உயர்த்தும்போது ஈரத்துணியைத் தூக்குவதுபோல் சற்றுக் கனக்கலாம். சுட்டுவிரலைத் தங்கூசியின்மேல் வைத்திருந்தால் இரண்டையும் உணர்வீர்கள். மெல்லிய பின்னல் நூலும், அதன் முனையில் ஒரு மீற்றர் ஃபுளோரோகார்பன் என்ற நிறமற்ற நூலும் கட்டினால் இன்னும் தெளிவாகத் தெரியும்.

கேள்வி: ஜூன் கடைசியில் போனோம். ஏரிக்கரை நகரான நோர்த் பேயின் தெருவிளக்குகளின் கீழெல்லாம் ஷாட்ஃபிளைப் பூச்சிகள். மீன் எதையும் சீண்டவில்லை.

பதில்: அந்தப் பூச்சிகளின் இளம் பருவம் ஏரியின் சேற்றுக்குள்தான் கழிகிறது, அவை சேற்றைவிட்டு மேலேறும் நாட்களில் பிக்கரலுக்கு விருந்து வாயருகே வந்துவிடுகிறது. பாறை முனைகளை அப்போது மறந்துவிடுங்கள். சேற்றுத் தளத்தின் விளிம்புகளில், சிறு சுழல் தகடு கட்டிய தூண்டிலில் மண்புழுவைக் கோத்து, மணிக்கு ஒன்றரை கிலோமீற்றர் வேகத்தில் இழுத்துச் செல்லுங்கள். பெரிய போலிமீன்களை அந்த வாரத்தில் பெட்டியிலேயே வைத்திருக்கலாம்.

கேள்வி: ஸ்கார்பரோவில் உயிருள்ள சிறுமீன் வாங்கிக் கொண்டுவரலாமா?

பதில்: கூடாது. 2022 முதல் ஒன்ராறியோ இரை மேலாண்மை வலயங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. சிறுமீனையோ அட்டையையோ, உயிரோடிருந்தாலும் செத்திருந்தாலும், வலய எல்லை தாண்டிக் கொண்டுசெல்வதற்குப் பொதுவாகத் தடை உண்டு. ஏரிக்கு அருகிலேயே வாங்கி, இரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள்.

கேள்வி: பிடித்ததை அங்கேயே வெட்டிச் சுத்தம்செய்து பெட்டியில் போட்டுக் கொண்டுவரலாமா, அண்ணா?

பதில்: நிப்பிசிங்கில் 46 சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட பிக்கரலை மட்டுமே வைத்துக்கொள்ளலாம் என்பது நானறிந்த விதி, புறப்படுமுன் அந்த ஆண்டின் மாகாண விதிநூலில் அளவையும் எண்ணிக்கையையும் சரிபாருங்கள். அளவுக் கட்டுப்பாடு உள்ள மீனை வழியில் அதிகாரி அளந்து பார்க்க முடியவேண்டும் என்பதால், துண்டு போடாமல் குடலை மட்டும் எடுத்துவிட்டுப் பனிக்கட்டியில் முழுதாகக் கொண்டுவாருங்கள். அளவுக்குக் குறைந்த மீன் தூண்டில் முள்ளை விழுங்கியிருந்தால் பிடுங்காதீர்கள். தங்கூசியை வாயருகே வெட்டி விட்டுவிடுங்கள். முதுகுத்துடுப்பின் முட்களும் செவுள்மூடியின் விளிம்பும் கையைக் கிழிக்கும், அடிவயிற்றைத் தாங்கிப் பிடியுங்கள். பெரிய பிக்கரலில் பாதரசம் கூடுதலாகச் சேர்ந்திருக்கும். கர்ப்பிணிகளும் சிறுவர்களும் உண்ணத்தக்க அளவை மாகாணத்தின் மீனுணவு வழிகாட்டி ஏரிவாரியாகச் சொல்கிறது, சமைக்குமுன் அதையும் பார்த்துவிடுங்கள்.