பதில்: பேரலில் பாதி டீசல் இருக்கும்போதே டியூப் நின்றுவிடுகிறது

வணக்கம் அண்ணா. 200 லிட்டர் பேரலிலிருந்து டியூப் போட்டு டிராக்டருக்கு டீசல் இறக்குகிறீர்கள், பாதியில் நின்றுவிடுகிறது, மறுபடி வாயால் உறிஞ்ச வேண்டியிருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். டியூப்பில் குறை இருப்பதாகத் தெரியவில்லை. பேரலில் டீசல் மட்டம் டியூப்பின் வெளிமுனையை விட உயரமாக இருக்கும்வரைதான் தானாக இறங்கும். இரண்டும் சமமானதும் நின்றுவிடும். பேரலைத் தரையில் வைத்து டிராக்டர் டேங்கில் ஊற்றினால் அப்படித்தான் ஆகும். உயரமான மேடையில் ஏற்றினால் சரியாகும், ஆனால் நிறைந்த பேரலை யார் தூக்குவது?

அதனால் கையால் சுற்றும் பேரல் பம்பு ஒன்று வாங்கிவிடுங்கள். பேரலின் பெரிய வாய் 2 அங்குலம், பம்பு அதிலேயே திருகி உட்காரும். பக்கத்துச் சின்ன மூடியைக் கொஞ்சம் தளர்த்தி வையுங்கள், காற்று உள்ளே போகாவிட்டால் எந்தப் பம்பும் இழுக்காது. உறிஞ்சு குழாய் அடியைத் தொடவேண்டாம், தண்ணீரும் கசடும் அங்கேதான் தங்கும்.

வாயால் உறிஞ்சுவதை இன்றோடு விடுங்கள். டீசல் வயிற்றுக்குப் போவதை விட நுரையீரலுக்குள் போவதுதான் பயங்கரம், நிமோனியா போல ஆகிவிடும். யாராவது தவறி விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், வரும்போது மூச்சுக்குழாய்க்குள் போகலாம். நேராக மருத்துவமனைதான்.

அப்புறம், இதே பம்பைப் பெட்ரோலுக்கு எடுக்காதீர்கள். அதற்கென்று உள்ளதா என்று கடையில் கேட்டு வாங்குங்கள்.