குகைக்குள் போக மாட்டேன் என்கிறான், கழுதைக்கு வீடு கட்டுகிறான்

கேள்வி: என் மகனுக்கு 7 வயது. அவனோடு ஆடலாமே என்று டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் தொடக்கப் பெட்டி ஒன்றை வாங்கினேன். ஒருவர் காட்சியைச் சொல்ல, மற்றவர் தன் வீரன் என்ன செய்வான் என்று சொல்லிப் பகடை உருட்டும் ரோல்-பிளேயிங் கதை ஆட்டம் அது. நாங்கள் இருவர் மட்டும்தான், கதையை நடத்தும் கேம் மாஸ்டர் நான்தான். மூன்று முறை ஆடிப் பார்த்தோம். முதல் நாள் பத்தே நிமிடத்தில் எழுந்து போய்விட்டான். இரண்டாம் நாள் பகடை சரியாக விழாமல் அவனுடைய வீரன் ஓநாயிடம் அடிபட்டு விழுந்ததும் ஒரே அழுகை. மூன்றாம் நாள் குகைக்குள் போகவே மாட்டேன் என்று சொல்லிவிட்டு, வாசலில் நின்ற கழுதைக்கு வீடு கட்ட ஆரம்பித்துவிட்டான், ஒரு மணி நேரம் அதுதான் ஆட்டம். விதிகளைக் குறைக்க வேண்டுமா, பயமுறுத்தும் இடங்களை எடுத்துவிட வேண்டுமா, அவனுக்குத் தெரியாமல் பகடை எண்ணை மாற்றிச் சொல்லலாமா?

பதில்: மூன்று நாளில் உருப்படியாக ஆடியது அந்தக் கழுதை நாள்தான். கிண்டல் செய்யவில்லை, நிஜமாகவே சொல்கிறேன். முதல் இரண்டு நாளும் அவன் உங்கள் கதைக்கு உம் கொட்டிக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள், "இங்கே நான் என்ன நினைக்கிறேனோ அது நடக்கும்" என்பதைக் கண்டுபிடித்துவிட்டான், ரோல்-பிளேயிங் ஆட்டத்தின் உயிர்நாடியே அதுதான். ஏழு வயதுப் பையன் ஒரு மணி நேரம் இடத்தை விட்டு எழவில்லை என்றால் அதை விடப் பெரிய சான்றிதழ் எதற்கு?

இந்த ஆட்டம் எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் தெரிந்துகொண்டால் உங்கள் பிரச்சினை பாதி புரிந்துவிடும். மேசையில் பொம்மைப் படைகளை நகர்த்தி ஆடும் போர் விளையாட்டுக்காரர்கள் உருவாக்கியது இது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவர் பெயரிலும் 1974இல் வெளிவந்தது. அதனால்தான் விதிப் புத்தகத்தைப் புரட்டினால் யார் முதலில் அடிப்பது, எத்தனை அடி தூரத்தில் அம்பு பாயும், கவசம் எத்தனை புள்ளி என்று சண்டைக் கணக்காகவே இருக்கிறது. ஆனால் புத்தகம் அச்சாவதற்கு முன்பு, 1972 வாக்கில் கைகாக்ஸ் தான் வரைந்த பாதாளச் சுரங்கத்தில் முதன்முதலில் ஆட வைத்தது யாரை என்று நினைக்கிறீர்கள்? அவருடைய சொந்தப் பிள்ளைகளை, மகன் எர்னியையும் மகள் எலீசையும். அந்த முதல் நாளில் அவர்கள் கண்டுபிடித்த புதையல் ஒரு பெட்டி, உள்ளே 3,000 செப்புக் காசுகள், தூக்கவே முடியாத கனம். பிள்ளைகளுக்கு ஏமாற்றம் தாங்கவில்லையாம். உங்கள் மகனிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், அவர்களிடம் ஒரு கழுதை இருந்திருந்தால் கதையே வேறு என்று உடனே சொல்லுவான்.

சரி, விதிகள். தாராளமாகக் குறையுங்கள். 2014 பதிப்பில் ஆடுபவருக்கான கையேடு மட்டுமே 320 பக்கம், பெட்டியிலும் 12 வயதுக்கு மேல் என்றுதான் போட்டிருக்கும். ஏழு வயதுக்கு ஒரே ஒரு விதி போதும்: நடக்குமா நடக்காதா என்று சந்தேகமான காரியம் என்றால் 20 முகப் பகடையை உருட்டு. சுலபமானதற்கு 5, நடுத்தரத்துக்கு 10, கஷ்டமானதற்கு 15, அந்த எண்ணோ அதற்கு மேலோ விழுந்தால் ஜெயம். கணக்குப் போட்டால் முறையே 80, 55, 30 சதவீத வாய்ப்பு. பாருங்கள், "நடுத்தரம்" என்று நாம் சாதாரணமாகச் சொல்வதில்கூடக் கிட்டத்தட்டப் பாதித் தடவை தோல்விதான். பெரியவர்கள் நாலைந்து பேர் ஆடும்போது ஒருவர் விட்டதை இன்னொருவர் பிடித்துக்கொள்வார், உங்கள் வீட்டிலோ எல்லாத் தோல்வியும் ஒரே குழந்தையின் தலையில் விழுகிறது. அதனால் 2014 பதிப்பில் வந்த ஒரு நல்ல வழியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: அவன் ஏதாவது யோசித்து, கயிறு கட்டியோ கழுதையைக் கூட்டிக்கொண்டோ வந்தால், இரண்டு பகடை உருட்டிப் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளலாம். 55 சதவீதம் அப்போது 80க்குப் பக்கத்தில் போய்விடும், 30 என்பது 51 ஆகிவிடும். யோசித்தால் பலன் உண்டு என்பதை அவனுக்கு நாம் வாயால் சொல்ல வேண்டியதே இல்லை, பகடை சொல்லிவிடும்.

வீரனின் திறமைகளை எண்களாகக் குறித்து வைக்கும் கேரக்டர் ஷீட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு வெள்ளைத் தாளில் அவனையே வீரனை வரையச் சொல்லுங்கள். பக்கத்தில் மூன்று வரி: எதில் கெட்டிக்காரன், எதில் சொதப்புவான், பையில் எப்போதும் என்ன இருக்கும். அவன் கெட்டிக்காரனான காரியம் என்றால் பகடையில் விழுந்த எண்ணோடு 3 கூட்டிக்கொள்ளலாம். இதுவும் வேண்டாம், சின்னக் குழந்தைகளுக்கென்றே செய்த ஆட்டமாக இருந்தால் தேவலை என்றால் அமேசிங் டேல்ஸ், ஹீரோ கிட்ஸ் இரண்டுமே நான்கு வயது முதலே ஆடக்கூடியவை. முதலாவதில் குழந்தை தன் வீரனுக்கு நான்கு திறமைகளைத் தானே சொல்லி, அவற்றுக்கு 12, 10, 8, 6 முகப் பகடைகளைப் பிரித்துக் கொடுக்கும், எதை உருட்டினாலும் 3 வந்தால் போதும். ஆறு முகப் பகடையிலேயே மூன்றில் இரண்டு பங்கு ஜெயம். சின்னக் குழந்தைக்கு எவ்வளவு தோல்வி தாங்கும் என்பதை அளந்து வைத்தது மாதிரி இருக்கும்.

அடுத்தது அழுகை. பகடை எண்ணை மாற்றிச் சொல்லலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். ஒருநாள் இல்லை ஒருநாள் கண்டுபிடித்துவிடுவான், அன்றிலிருந்து அவன் ஜெயித்த ஜெயமெல்லாம் அப்பா போட்ட பிச்சை ஆகிவிடும். பிள்ளைகள் அழுகுணி ஆட்டம் ஆடினால் கண்டிக்கிற நாமே போங்காட்டம் ஆடக்கூடாது. கேம் மாஸ்டர் தன் பகடையை மறைக்க நிறுத்தி வைக்கும் தடுப்பு அட்டைக்குப் பின்னால் உருட்டுவதையும் விட்டுவிடுங்கள், எல்லாப் பகடையும் அவன் கண்ணெதிரே விழட்டும். நீங்கள் மாற்ற வேண்டியது எண்ணை அல்ல, உருட்டுவதற்கு முந்தைய அரை நிமிடத்தை. விழப்போகும் விளைவை உங்களால் ஏற்றுக்கொள்ள முடியாது என்றால் அந்த இடத்தில் பகடையே எடுக்காதீர்கள், "சரி, செய்துவிட்டாய்" என்று சொல்லிவிட்டு மேலே போங்கள். எடுப்பதானால், தோற்றால் என்ன ஆகும் என்பதை முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

பூட்டிய கதவு ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். அவன் கம்பியை விட்டு நெம்புகிறான், பகடையில் 4 விழுகிறது. "திறக்கவில்லை" என்றால் ஆட்டம் அங்கேயே செத்துவிடும், மறுபடி உருட்டவா என்பான், அப்புறம் மறுபடி, அப்புறம் அழுகை. அதற்குப் பதிலாக, கம்பியை எடுப்பதற்கு முன்பே நீங்கள் சொல்லுங்கள்: "கதவு எப்படியும் திறந்துவிடும். ஆனால் 10க்குக் கீழே விழுந்தால் 'கிரீச்'சென்று சத்தம் கேட்டு உள்ளே தூங்குகிற ஒருத்தர் முழித்துக்கொள்வார்." இப்போது அந்த 4 ஒரு புதுக் காட்சியைக் கொடுக்கிறது. நான் பார்த்த வரையில், தோற்றதற்காகக் குழந்தைகள் அழுவது குறைவு, தோற்ற பிறகு செய்ய ஒன்றுமில்லாமல் நிற்கும்போதுதான் அழுகிறார்கள். ஓநாய் விஷயமும் இதேதான். நம் ஆட்டத்தில், அடிபட அடிபடக் குறையும் உயிர்ப் புள்ளி பூஜ்யம் ஆனால் சாவு கிடையாது, மயக்கம்தான், முழிக்கும்போது வேறு இடத்தில் இருப்பாய் என்று முதலிலேயே ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள். ஓநாய் அவனைக் கவ்விக்கொண்டு போய்த் தன் குட்டிகளுக்கு நடுவே போட்டிருக்கிறது என்று ஆரம்பித்துப் பாருங்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டு "எத்தனை குட்டி?" என்று கேட்பான்.

பயத்தை மொத்தமாக எடுத்துவிடாதீர்கள், சப்பென்று ஆகிவிடும். அதைத் திறந்து மூடும் குழாய் மட்டும் அவன் கையில் இருக்கட்டும். ஜான் ஸ்டாவ்ரோபுலோஸ் என்ற ஆட்ட வடிவமைப்பாளர் 2013இல் எக்ஸ்-கார்டு என்று ஒன்றைப் பரப்பினார்: மேசை நடுவே எக்ஸ் எழுதிய அட்டை, யாருக்கு எது பிடிக்கவில்லையோ அவர் தொட்டால் போதும், காரணம் சொல்ல வேண்டாம், அந்தக் காட்சி மாறிவிடும். பெரியவர்களுக்காக வந்தது, ஆனால் குழந்தைகளுக்குத்தான் கச்சிதம் என்பேன், ஏனென்றால் பயமாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்ல ஏழு வயதுக்கு வெட்கம். முதல் இரண்டு வாரம் சும்மா சோதித்துப் பார்க்கவே அட்டையைத் தொடுவான், தொடட்டும், ஒவ்வொரு முறையும் மாற்றுங்கள். அப்புறம் எந்தப் பூதத்தைக் கொண்டுவந்தாலும் அதற்கு ஒரு ஆசையும் ஒரு பயமும் வையுங்கள், அந்தப் பயம் என்ன என்பதை அவனையே சொல்லச் சொல்லலாம். "இது எதைப் பார்த்தால் ஓடும்?" என்று ஒருமுறை என் மகளிடம் கேட்டேன், பாதாளத்து அரக்கனுக்குத் தும்மல் என்றால் நடுக்கம் என்று முடிவு செய்தாள், ஆறு வாரம் நாங்கள் தும்மியே ஜெயித்தோம்.

இருவர் ஆட்டத்துக்கென்று ஒரு சிக்கல் உண்டு, இதைப் பெரும்பாலான வழிகாட்டிகள் கண்டுகொள்வதில்லை. குழந்தை மேசையைப் பார்க்காது, உங்கள் முகத்தைப் பார்க்கும். எந்த வழி சரி என்று அப்பாவுக்குத் தெரியும், அதைக் கண்டுபிடிப்பதுதான் ஆட்டம் என்று நினைத்துக்கொள்ளும். "நான் என்ன பண்ணட்டும்?" என்று கேட்டால் யோசனை சொல்லாதீர்கள், கண்ணில் படுவதில் இரண்டைச் சொல்லுங்கள்: "இடது பக்கம் புகை வாசனை, வலது பக்கம் யாரோ பாடுகிற மாதிரி இருக்கு." அவ்வளவுதான். கூட வரும் துணைப் பாத்திரத்தை நீங்கள் நடத்துவதானால் அது அவனை விட அசடாக இருக்க வேண்டும். எல்லாம் தெரிந்த கிழட்டு மந்திரவாதி கூடவே வந்தால் அது நீங்களேதான், தாடி ஒட்டிக்கொண்டு. கழுதை மாதிரி ஒன்று என்றால் உத்தமம்: பயந்துகொள்ளும், அடம்பிடிக்கும், பதில் தெரியாது.

தாடியைப் பற்றிப் பேசும்போது ஞாபகம் வருகிறது. ஆட்டத்துக்குள் புத்திமதி சொல்ல ஆசை வரும், அடக்கிக்கொள்ளுங்கள். நான் ஒருமுறை பல் தேய்க்காததால் பலமிழந்த பூதம் ஒன்றைக் கொண்டுவந்தேன், ரொம்ப சாமர்த்தியம் என்று நினைப்பு வேறு. மகள் பகடையைக் கீழே வைத்துவிட்டு, "அம்மா, இது பூதம் சொல்லல, நீ சொல்ற" என்றாள். அன்றைய ஆட்டம் அதோடு முடிந்தது.

முதல் நாள் பத்து நிமிடத்தில் எழுந்து போனதற்கு என் ஊகம்: பெட்டியோடு வரும் கதைப் புத்தகத்தில் சத்தமாக வாசிப்பதற்கென்று கட்டம் கட்டிய பத்திகள் இருக்குமே, அதை வாசித்திருப்பீர்கள். வாசிக்காதீர்கள். ஒரு வாக்கியம், உடனே ஒரு கேள்வி. "பாலம் ஆடுது, பின்னாடி யாரோ ஓடி வர்ற சத்தம், என்ன பண்ற?" முப்பது, நாற்பது நிமிடம் போதும், அவன் இன்னும் வேண்டும் என்னும்போதே நிறுத்திவிடுங்கள். தயாரிப்புக்கு அரைப் பக்கத்துக்கு மேல் எழுதாதீர்கள், ஒரு இடம், ஏதோ ஒன்றுக்கு ஆசைப்படும் ஒரு ஆள், குறுக்கே ஒரு தொல்லை. அதிகம் எழுதி வைத்தால் அதைக் காப்பாற்ற நீங்கள் அவனை அந்தப் பக்கமே தள்ளிக்கொண்டிருப்பீர்கள், குகை விஷயத்தில் நடந்தது அதுதான்.

அடுத்த ஆட்டத்துக்கு என்ன செய்வது? கழுதை வீட்டுக்குப் பலகை குகைக்குள்தான் கிடைக்கும் என்று கொக்கி போடத் தோன்றும், எனக்கும் தோன்றியது, ஆனால் ஏழு வயதுப் பையனுக்கு அந்தத் தந்திரம் ஒரு நொடியில் புரிந்துவிடும். குகையைக் கொஞ்ச நாள் சும்மா விடுங்கள். கட்டி முடித்த வீட்டிலிருந்தே ஆரம்பியுங்கள்: ராத்திரி, மழை, கழுதை உள்ளே நின்றபடி காதை நிமிர்த்துகிறது, வெளியே யாரோ கதவைத் தட்டி "என் கழுதை இங்கே இருக்கா?" என்கிறார்கள். பிறகு பேனாவை எடுத்துக்கொண்டு அவனிடமே கேளுங்கள், தட்டியது யார், கழுதை ஏன் அவரிடமிருந்து ஓடி வந்தது என்று. அவன் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், எழுத்துப்பிழை பார்க்க வேண்டாம், அடுத்த மூன்று வாரத்துக்கான கதை அதில் இருக்கும்.