எக்ஸெல்லில் உள்ள முகவரிகளை மேப்பில் காட்டுவது எப்படி?

கேள்வி: மதுரையில் கேன் தண்ணீர் சப்ளை செய்கிறேன். 600 வாடிக்கையாளர்களின் முகவரி எக்ஸெல்லில் இருக்கிறது. எல்லா வீடுகளையும் ஒரே மேப்பில் பார்த்து, மூன்று வண்டிகளுக்கும் ஏரியா பிரித்துக் கொடுக்க வேண்டும். ஒவ்வொன்றாகத் தேடிப் புள்ளி வைக்காமல் இதைச் செய்ய முடியுமா?

பதில்: முடியும், காசும் ஆகாது. கணினியில் கூகுள் மை மேப்ஸைத் திறந்து, புதிய மேப் ஒன்றை உருவாக்கி, 'இம்போர்ட்' கொடுத்து எக்ஸெல் கோப்பை ஏற்றுங்கள். முகவரி எந்த நெடுவரிசையில் இருக்கிறது, புள்ளிக்குப் பெயராக எது வரவேண்டும் என்று கேட்கும். சொன்னால் புள்ளிகள் வந்துவிடும். ஒரு தடவைக்கு 2,000 வரிகள் வரை ஏற்கும். உங்கள் 600 அதற்கு எம்மாத்திரம்!

ஆனால் இப்போது இருக்கிற கோப்பை அப்படியே ஏற்றிவிடாதீர்கள். முக்கால்வாசி வேலை முகவரியைச் சரிசெய்வதில்தான் இருக்கிறது.

முதலில் கதவு எண்ணைப் பாருங்கள். 12/4 என்று அடித்தால் எக்ஸெல் அதைத் தேதி என்று நினைத்து 'ஏப்ரல் 12' ஆக்கிவிடும். பிறகு அந்த செல்லை 'டெக்ஸ்ட்' ஆக மாற்றினாலும் 12/4 திரும்ப வராது; ஐந்து இலக்க எண் ஒன்றுதான் வந்து நிற்கும். எனவே நெடுவரிசையை முதலிலேயே 'டெக்ஸ்ட்' ஆக்கிவிட்டு, கெட்டுப்போனவற்றைக் கையால் அடியுங்கள்.

அடுத்து, 'பிள்ளையார் கோயில் எதிரில், மாடி வீடு' போன்றவை. வண்டிக்காரருக்கு இவை வேண்டும், மேப்புக்கோ குழப்பம்தான். இவற்றை 'குறிப்பு' என்று தனி நெடுவரிசைக்கு மாற்றுங்கள். புள்ளியைத் தொட்டால் அங்கே தெரியும்.

ஊர்ப் பெயரையும் பின்கோடையும் எல்லா வரியிலும் சேருங்கள். அண்ணா நகர் சென்னையிலும் இருக்கிறது, மதுரையிலும் இருக்கிறது. 625020 என்று போட்டால் மதுரை. 600040 என்றால் சென்னை. கதவு எண், தெரு, ஏரியா, ஊர், பின்கோடு எல்லாவற்றையும் ஒரே செல்லில் சேர்த்து 'முழு முகவரி' என்று வைத்துக்கொள்வது நல்லது.

தமிழில் அடித்த பெயர்கள் இருந்தால் எக்ஸெல் கோப்பாகவே ஏற்றுங்கள். சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) ஆக்கித்தான் தீரவேண்டும் என்றால் 'சிஎஸ்வி யூடிஎஃப்-8' வகையைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் பெயரெல்லாம் கேள்விக்குறியாக மாறிவிடும்.

ஏற்றியதும் தரவு அட்டவணையைத் திறந்து பாருங்கள். கண்டுபிடிக்க முடியாத முகவரிகள் சிவப்பில் இருக்கும். அவற்றைப் பற்றிக் கவலை வேண்டாம், கண்ணுக்குத் தெரிகிறதே. எனக்குப் பயம் மற்ற புள்ளிகள்மேல்தான். கதவு எண் பிடிபடாதபோது மேப் சத்தமில்லாமல் தெருவின் நடுவிலோ, ஏரியாவின் நடுவிலோ புள்ளியை வைத்துவிட்டுப் போய்விடும். ஒரே இடத்தில் பத்துப் பதினைந்து புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தால் சந்தேகப்படுங்கள்.

ஏரியா பிரிக்க இந்தத் துல்லியம் போதும், வாசலில் கொண்டுபோய் நிறுத்தத்தான் போதாது. அதற்கு வண்டிக்காரர்களிடமே வேலையைக் கொடுங்கள். கேன் இறக்கும்போது வாட்ஸ்அப்பில் லொக்கேஷன் அனுப்பட்டும். அதைத் திறந்து அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இரண்டு நெடுவரிசைகளில் போட்டு வாருங்கள். தசமப் புள்ளிக்குப் பின் நான்கு இலக்கம் இருந்தாலே சுமார் 11 மீட்டருக்குள் வந்துவிடும். மதுரைக்கு அட்சரேகை 9.9, தீர்க்கரேகை 78.1 என்ற கணக்கில் இருக்கும். இரண்டையும் மாற்றிப் போட்டால் உங்கள் தண்ணீர் கேன் ஆர்க்டிக் கடலில் இறங்கும்!

அப்புறம், 'வண்டி' என்று ஒரு நெடுவரிசை வைத்து 1, 2, 3 என்று நிரப்புங்கள். புள்ளிகளை அதன்படி பிரித்துக் காட்டச் சொன்னால் மூன்று நிறங்களில் வந்துவிடும். எந்த வண்டி ஊரைச் சுற்றிக்கொண்டு போகிறது என்று உடனே தெரியும். எந்த வீட்டுக்கு முதலில் போகவேண்டும் என்று மட்டும் இது சொல்லாது. அதற்கு உங்கள் ஆட்களின் அனுபவமே மேல்.

எக்ஸெல்லில் புதிதாக ஒருவரைச் சேர்த்தால் மேப்பில் தானாக வராது. மறுபடி இம்போர்ட் செய்ய வேண்டும். இன்னொன்று, லிங்க்கைப் பகிர்ந்தால் அது யார் கைக்குப் போனாலும் திறக்கும். ஏற்றுகிற கோப்பில் வாடிக்கையாளர்களின் போன் எண்ணும் பாக்கித் தொகையும் வேண்டாம். அவை உங்கள் எக்ஸெல்லிலேயே இருக்கட்டும்.