உள்நுழையும் திரையிலிருந்தே விண்டோஸ்: உடனே வெளியே தள்ளுவது ஏன்?

வணக்கம். ரெயூனியன் தீவின் சேன் ஆந்த்ரே தமிழ் வகுப்புக் கணினியில் லினக்ஸ் மின்ட், அதற்குள் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளில் மெய்நிகர் கணினியாக விண்டோஸ்; உள்நுழையும் திரையில் 'விண்டோஸ்' அமர்வைத் தேர்ந்தால் ஒரு கணம் கறுத்து மறுபடி கடவுச்சொல் கேட்கிறது என்றீர்கள். அமர்வுகளைப் பட்டியலிடும் எக்ஸ்செஷன்ஸ் அடைவில் நீங்கள் வைத்த கோப்பின் அமைப்பில் பிழையில்லை. எதை இயக்குவது என்று சொல்லும் எக்ஸெக் வரியில் இருக்கும் 'விபாக்ஸ்மேனேஜ் ஸ்டார்ட்விஎம்' கட்டளைதான் வினை. அது மெய்நிகர் கணினியைக் கிளப்பிவிட்டுத் தன் வேலை முடிந்ததென்று வெளியேறிவிடும். அந்தக் கட்டளை முடிந்தால் அமர்வும் முடிந்தது. விர்ச்சுவல்பாக்ஸ் பட்டியலில் 'அபார்ட்டட்' (பாதியில் நின்றது) என்று கிடக்கும், பாருங்கள்.

எக்ஸெக் வரியில் ஒரு சிறு ஷெல் ஸ்கிரிப்டை (கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்பு) காட்டுங்கள்; அதை இயக்க 755 அனுமதி கொடுக்க மறக்காதீர்கள். அதில் முதலில் ஓப்பன்பாக்ஸ் என்ற சாளர மேலாளர், பின்னணியில் ஓட. சாளர மேலாளர் இல்லாவிட்டால் முழுத்திரை சரியாக விரியாது. கடைசியில் 'விர்ச்சுவல்பாக்ஸ்விஎம்', இரட்டைக் கோடிட்ட 'ஸ்டார்ட்விஎம்', மெய்நிகர் கணினியின் பெயர், இரட்டைக் கோடிட்ட 'ஃபுல்ஸ்கிரீன்'. விண்டோஸை அணைக்கும்வரை இது விலகாது.

ரெயூனியன் விசைப்பலகை வேறு! பிரெஞ்சு அமைப்பை லினக்ஸில் மட்டும் வைத்திருந்தால் விண்டோஸுக்குள் ஏ அடித்தால் க்யூ விழலாம். விண்டோஸின் விசைப்பலகை அமைப்பிலும் பிரெஞ்சைத் தேருங்கள்.

மாணவர்களுக்குத் தனிக் கணக்கு இருந்தால், உங்கள் கணக்கில் பதிந்த மெய்நிகர் கணினி அங்கே தெரியாது. அந்தக் கணக்கிலேயே பதியுங்கள்.